வயிற்றை எக்கி நிற்பவர்

அந்த விரல்களுக்கு அவசரம் இல்லை. டேப்பை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, தொப்புளுக்கு நேரே இரண்டு முனைகளையும் சந்திக்க வைத்து, இறுக்காமலும் நழுவ விடாமலும் பிடித்துக்கொண்டு சும்மா காத்திருக்கின்றன. எதற்காக? டேப்புக்குள் நிற்கும் ஆசாமி மூச்சை விடுவதற்காக.

ஆசாமி விடுவதாக இல்லை. கடைப் படி ஏறும்போது அவருக்கு ஒரு சாண் முன்னால் நடந்து வந்த வயிறு, டேப்பைக் கண்டதும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டுவிட்டது. மார்பு நிமிர்ந்து, கன்னம் உப்பி, கண்கள் எதிர்ச் சுவரில் குத்திட்டு நிற்கின்றன.

வாசகரே, இவரைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்ய வந்தேன். வயிற்றை எக்கி நிற்பவர். அளக்கும் கருவி உள்ள இடமெல்லாம் இந்த இனம் உண்டு. எடை மிஷினில் ஏறுமுன் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் சட்டைப்பையில் இருக்கும் பேனாவையும் கழற்றி வைப்பவர் இவர். வருஷமெல்லாம் சும்மா இருந்துவிட்டு, பல் டாக்டரைப் பார்க்கப் போகும் காலையில் மட்டும் மூன்று தரம் பல் துலக்குபவர் இவர். பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். பொய் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். இவர் மூச்சை அடக்குவதோடு சரி.

"நாப்பது... இருக்குமா மாஸ்டர்?" என்றார் ஆசாமி, காற்றுப் போகாமல் உதட்டை மட்டும் அசைத்து.

"இருக்கும், இருக்கும்," என்றார் தையல் மாஸ்டர். விரல் அசையவில்லை. "ஆமா, மூத்த பொண்ணு எங்க வேலையில சேர்ந்திருக்கு?"

அவ்வளவுதான். பெற்ற பெண்ணைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே மூச்சை அடக்க இந்த உலகத்தில் ஒரு தகப்பனாலும் முடியாது. "அவளா? அவளை ஏன் கேக்குறீங்க, மூணு இடத்துல கூப்பிட்டாங்க..." என்று அவர் ஆரம்பிக்க, ஊர் சுற்றப் போயிருந்த வயிறு வீடு திரும்பிற்று. டேப் தானாகத் தளர்ந்தது. நாற்பத்து மூன்று. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ஆர்டர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

முப்பத்தைந்து வருஷமாக அவர் கடைப்பிடிக்கும் தந்திரம் இது. யாரும் சொல்லித் தரவில்லை. கிழிந்து திரும்பி வந்த பின்பக்கத் தையல்கள் சொல்லித் தந்தன. அளவு எடுக்கும் சாக்கில் அவர் கேட்காத கேள்வி இல்லை. பெல்ட் எந்த ஓட்டையில்? பர்ஸ் எந்தப் பக்கம்? எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, மூட்டை தூக்கியதாலா, பிறவியிலா? "எங்கிட்ட மறைச்சா எனக்கென்ன? நாலு பேர் முன்னால குனியும்போது துணி சொல்லிடும்," என்பார். மூலையில் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் மனைவி தலையை நிமிர்த்தாமலே சிரிப்பாள்.

இப்படிப்பட்ட மனிதர் அந்த இனத்தில் சேர்வாரா என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மறுநாள் காலை ஆகட்டும்.

மறுநாள் காலை மாஸ்டர் ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்கு முன்னால் மனைவியோடு நின்றார். என்றோ ஓர் அறுவைச் சிகிச்சையில் ஏற்றிய ரத்தத்தோடு உள்ளே நுழைந்து, இருபத்தெட்டு வருஷம் வாடகை இல்லாமல் குடியிருந்த ஹெபடைடிஸ் சி கிருமி, இப்போதுதான் பிடிபட்டிருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது என்றார். இப்போது மருந்து பிடித்தால் ஈரல் பிழைக்கும், இன்னும் தள்ளிப்போட்டால் கல்லாய் இறுகிவிடும், பிறகு கை வைக்கக் கஷ்டம் என்றார். இரண்டு மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த மாத்திரை, தினம் ஒன்று, எண்பத்து நான்கு நாள். கூடவே ஹெபடைடிஸ் பி எப்போதாவது வந்திருக்கிறதா என்றும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். சி போகும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பி விழித்துக்கொள்ளலாமாம். அந்தச் சோதனையில் ஒரு சிக்கலும் வரவில்லை. ரத்தத்துக்கு வயிற்றை எக்கத் தெரியாது, பாருங்கள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார் என்றால், நேற்று மாலை நாற்பது என்று சாதித்த அதே ஆசாமி. ஆஸ்பத்திரியின் மருந்துக்காரர். அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் 'மருந்துகளைச் சேர்த்து உண்பதில் கவனம்' என்று மேடையேறிப் பேசப் போகிறார், கோட்டு அதற்குத்தான்.

"அட, மாஸ்டர்!" என்று சிரித்தவர், பின்னால் நீண்டு நின்ற வரிசையைப் பார்த்துச் சிரிப்பைச் சுருக்கிக்கொண்டு, தாளைப் பார்த்தபடி ஒரே மூச்சில் கேட்டார்: "வேற மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

மாஸ்டரின் மார்பு நிமிர்ந்தது. கன்னம் லேசாக உப்பியது. கண்கள் எதிர்ச் சுவருக்குப் போயின.

"ஒன்னும் இல்லீங்க."

மனைவி வாயைத் திறந்தாள். முழங்கை ஒன்று அவள் விலாவில் மெதுவாக வந்து உட்கார்ந்தது. மூடிக்கொண்டாள்.

மருந்துக்காரர் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். டேப்பைப் பிடித்துவிட்டு மூச்சுக்குக் காத்திருக்கத் தெரியாத கை. அவரைக் குறை சொல்லி என்ன? வரிசையில் இன்னும் நாற்பது பேர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள்.

மாஸ்டர் சொன்னது பொய்யா? அவர் கணக்கில் இல்லவே இல்லை. மூன்று வருஷமாகக் காலையில் விழுங்கும் நெஞ்சுப் படபடப்பு மாத்திரை, அது வேறொரு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கொடுத்தது, இவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதுகு வலிக்குப் போடும் மாத்திரை, வலித்தால்தானே போடுகிறோம், அதனால் அது சாப்பிடுவதில் சேராது. தூக்கம் வர மச்சான் தன் ஊரிலிருந்து அனுப்பும் மஞ்சள் பூக் குளிகை, பூ எப்படி மருந்தாகும். ஈரலுக்கு நல்லதென்று யாரோ சொல்லி மனைவி வாங்கி வந்த பச்சைப் பொடி, அது ஈரலுக்கு நல்லது என்பதால் ஈரல் டாக்டரிடம் சொல்லத் தேவையில்லை. நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கும் நெஞ்செரிச்சல் வில்லைகள், அவை ஏதோ வாய்க்கு ஒரு துணை. இத்தனையையும் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லை, சரிதானே?

மருந்துச் சீசா வீட்டுக்கு வந்தது. அந்த நாளிலிருந்து மாஸ்டரின் ஒழுங்கைப் பார்த்திருக்க வேண்டுமே! ஆர்டர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அடிக்கோல் வைத்து எண்பத்து நான்கு கட்டம் போட்டார். காலை ஒன்பது அடித்தால் மாத்திரை, கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. சவரக்கத்தியைத் தனியாக வைத்துக்கொண்டார். விரலில் குத்தும் ஊசி வேறு யார் விரலிலும் குத்தக்கூடாதென்று தனக்கென்று ஓர் ஊசித் தலையணை, அதில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல். "என்னால ஒருத்தருக்கும் கெடுதல் வரக்கூடாது," என்றார். ஊருக்கு வேண்டிய ஜாக்கிரதையெல்லாம் பக்காவாக இருந்தது. மீதி இருந்தவர் ஒரே ஒருத்தர்தான்.

நான்காம் நாள் ஊசிக் காது இரண்டாகத் தெரிந்தது. ஊசி செய்பவன் சரியில்லை என்றார். ஏழாம் நாள் வெட்டு மேஜை கப்பல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. காலுக்கு அட்டை வைத்தார், மேஜைக் காலுக்குத்தான். பத்தாம் நாள் படியேறிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் என்றார். அன்று மழை.

"என்னங்க, அந்த மாத்திரை ஒத்துக்கலையோ என்னவோ. ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாமே."

"கேட்டா மாத்திரையை நிறுத்திடுவாங்க. எண்பத்து நாலு நாள்னா எண்பத்து நாலு. நடுவுல விட்டா கிருமி கெட்டிப்பட்டுடுமாம். டாக்டர் சொன்னது உனக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கல."

டாக்டர் சொன்னதெல்லாம் மறக்கவில்லை. டாக்டரிடம் தான் சொல்லாததுதான் மறந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மாலை மருந்துக்காரர் கோட்டுக்கு டிரையல் பார்க்க வந்தார். தற்காலிக ஓட்டுத் தையலில் நின்ற கோட்டை மாட்டிவிட்டு, மாஸ்டர் உதட்டில் ஏழெட்டுக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தோளிலும் விலாவிலும் முதுகிலும் குத்திக்கொண்டு வந்தார். அசைந்தால் குத்தும் என்பதால் மருந்துக்காரர் கைகளை விரித்துச் சோளக்கொல்லை பொம்மையாக நின்றார்.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இந்த வலது கை ஏன் பின்னாடி பார்க்குது?"

மாஸ்டர் பார்த்தார். மூலையிலிருந்து மனைவியும் பார்த்தாள். இடது கை முழங்கையில் ஒழுங்காக முன்புறம் வளைந்திருந்தது. வலது கை, திருடனைப் பிடித்து முறுக்கிய மாதிரி முதுகை நோக்கிப் போயிற்று. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக மாஸ்டர் இரண்டு இடது கை வெட்டியிருந்தார். வெட்டியதோடு நில்லாமல், அதைப் பொருத்தி ஓட்டுத் தையலும் போட்டிருந்தார்.

குண்டூசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்துத் தலையணையில் குத்தினார். நெஞ்சு எரிந்தது. அனிச்சையாகச் சாக்பீஸ் டப்பாவைத் திறந்தார், தட்டையான வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார், துணியில் கோடு போடுவதற்குப் பதில் வாயில் போட்டுக் கறுக்கென்று கடித்தார்.

"மாஸ்டர்! சாக்பீஸைத் தின்னுட்டீங்க!"

"அது சாக்பீஸ் இல்லீங்க. நெஞ்செரிச்சல் வில்லை. ரெண்டும் ஒரே டப்பாவுல கெடக்கும், கைக்கு வசதியா."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"இதையெல்லாம் யாரு எண்ணுறா? மூணோ நாலோ."

"பன்னெண்டு," என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி. "சாக்பீஸ்தான் மூணு நாலு."

பொம்மையின் முகம் மாறிற்று. "நான் கொடுத்த மாத்திரை வயித்துப் புளிப்புல கரையணும் மாஸ்டர். நீங்க இப்படி நாள் பூரா புளிப்பை அடக்கிட்டே இருந்தா, பாதிகூட உடம்புல ஏறாது. வேற ஏதாவது சாப்பிடுறீங்களான்னு அன்னிக்கே கேட்டேனே!"

"மருந்துன்னு கேட்டீங்க. இது மருந்தா?"

இந்த இனத்தை மருந்துக்காரர் அறியாதவரா? தானே ஓர் அங்கத்தினர் ஆயிற்றே. அளவு எடுத்த அன்று தன் நாற்பது எப்படி நாற்பத்து மூன்றாயிற்று என்பது கோட்டின் தாராளத்தில் இப்போதுதான் அவருக்கு உறைத்துக்கொண்டிருந்தது. மகளைப் பற்றி மாஸ்டர் ஏன் விசாரித்தார் என்பதும்.

குரலைத் தாழ்த்தினார். "அதை விடுங்க. முதுகு எப்படி இருக்கு மாஸ்டர்? நாள் முழுக்கக் குனிஞ்சே நிக்கிறீங்களே."

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக அவர் எல்லார் முதுகையும் விசாரித்திருக்கிறார். அவர் முதுகை யாரும் விசாரித்ததில்லை. "அதை ஏன் கேக்குறீங்க! ஒரு மாத்திரை போட்டாத்தான் சாயங்காலம் நிமிர முடியுது."

"தூக்கம்?"

"மச்சான் புண்ணியத்துல வருது. ஏதோ பூக் குளிகை அனுப்புறான்."

"நெஞ்சு படபடப்பு, கிடபடப்பு?"

"அது மூணு வருஷமா கிட்டவே வரல. அதுக்குத்தான் தெனம் ஒன்னு போட்டுக்கிட்டிருக்கேன்ல!"

தையல் மிஷினின் மிதி, மனைவியின் கால் நழுவியதில், ஒரு தரம் ஆடி நின்றது.

"எந்த மாத்திரை?"

மனைவி முழங்கை எட்டாத தூரத்தில் இருந்தாள். எழுந்து போய், பித்தான்கள் கிடக்கும் இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். "இவரு ஊரையே மூச்சை விடச் சொல்லுவாரு. தானா விடமாட்டாரு. நானாவது அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

மருந்துக்காரர் அட்டையின் பெயரைப் படித்தார். குண்டூசியையும் மறந்து கையை மடக்கி மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையில் மாட்டியிருந்தது, இடம் மாறி வந்த அந்த இடது கைத் துணி. அது எசகுபிசகாக இழுத்துக்கொண்டு வர, இன்னொரு கையின் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார்.

"நாப்பத்திரண்டு."

"நாப்பத்து மூணுங்க," என்றார் மாஸ்டர். "நானே புத்தகத்துல எழுதியிருக்கேன்."

"என் இடுப்பு இல்லய்யா, உங்க நாடி! ஒரு நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு! இந்த நெஞ்சு மாத்திரையையும் நான் கொடுத்ததையும் சேர்த்துப் போட்டா நாடி விழும். விழுந்துக்கிட்டே போய் நின்னும் போகும். தலை சுத்துதா இல்லையா?"

"மேஜைதான் கொஞ்சம்..." என்று இழுத்தார் மாஸ்டர். பிறகு, நியாயம் கேட்கும் குரலில், "அது நெஞ்சு டாக்டர் கொடுத்தது. நீங்க ஈரல். ரெண்டும் வேற வேற கடையாச்சே?"

"கடைதான் வேற மாஸ்டர். நீங்க ஒருத்தர்தான். கிளம்புங்க."

அன்று அந்தத் தெருவில் நின்றவர்களுக்கு நல்ல காட்சி. வெள்ளை நூல் ஓட்டுத் தையல் பல்லைக் காட்ட, ஒரு கை முன்னும் ஒரு கை பின்னுமாக, "ஆ... ஸ்..." என்று அடிக்கொரு தரம் முனகிக்கொண்டு ஒரு கோட்டுக்காரர் வண்டியைக் கைதட்டி நிறுத்த, அவர் பிடியில் ஒரு மாஸ்டர், பின்னால் மருந்து அட்டைகளையும் சாக்பீஸ் டப்பாவையும் பச்சைப் பொடியையும் முந்தானையில் கட்டிக்கொண்டு ஒரு மனைவி. ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டிக்காரர் யாரை ஏற்றுவது என்று தெரியாமல் கோட்டுக்காரரைத்தான் முதலில் பிடித்தார்.

மாஸ்டரின் மார்பில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். முதல் இரவு நாடி முப்பத்தெட்டுக்கு இறங்கிற்று. மனைவி அன்று கண்ணை மூடவில்லை, நாடியைக் காட்டும் பெட்டியில் ஓடும் பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரே உடம்பைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த நெஞ்சு டாக்டரும் ஈரல் டாக்டரும் முதன்முறையாக டெலிபோனில் பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் நாடி ஐம்பத்தெட்டுக்கு ஏறி நின்றது.

"அப்ப அந்த நெஞ்சு மாத்திரையை நானே விட்டுடுறேன்," என்றார் மாஸ்டர், பெருந்தன்மையாக.

"நீங்களா எதையும் விடவும் வேண்டாம், நீங்களா எதையும் தொடவும் வேண்டாம்," என்றார் டாக்டர். "அதை நிறுத்தினாலும் மாசக் கணக்கில உடம்புல தங்கியிருக்கும். அதனால பழைய கூட்டு மாத்திரை உங்களுக்கு வேண்டாம். வேற கூட்டு ஒன்னு இருக்கு. ஆனா அதுக்கும் ஆகாதது ஆயிரம் இருக்கு. உங்க வாயில என்னென்ன போகுதுன்னு முழுப் பட்டியல் வந்தாத்தான் எழுதிக் கொடுப்பேன். இந்தத் தடவையும் வீணாப்போனா உங்க ஈரல் காத்திருக்காது. பட்டியல் இல்லேன்னா மாத்திரை இல்லை."

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வெட்டு மேஜையில் ஆர்டர் புத்தகத்தை விரித்து, கார்பன் தாளை வைத்து, பென்சிலைச் சீவினார். கேட்கவா வேண்டும், வேலை என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது! வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதினார். துணி என்ற இடத்தில் மாத்திரையின் பெயர், நிறம்; அளவு என்ற இடத்தில் எத்தனை மில்லிகிராம்; எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, யார் கொடுத்தது, எத்தனை நாளாக. வில்லைக்கு நேரே 'மூன்று நான்கு' என்று எழுதினார். மூலையில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. அழித்துப் 'பன்னிரண்டு' என்று எழுதினார். மச்சானுக்கு டெலிபோன் போட்டு, குளிகைச் சீசாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். "பூதானே மாமா, அதுல என்ன?" என்றான் மச்சான். "அளவு எடுக்கிறேன், பேசாம படி," என்றார் மாஸ்டர். (அந்தப் பூதான் கூட்டு மாத்திரையை உடம்பில் நிற்க விடாமல் துரத்தும் என்று மறுநாள் மருந்துக்காரர் அதன்மேல் சிவப்புக் கோடு போட்டார். பச்சைப் பொடியின் மேல் கேள்விக்குறி போட்டார். அதில் என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியவில்லை.)

பட்டியலோடு கோட்டையும் முடித்தார். புது வலது கை வெட்டிப் பொருத்தி, காஜா எடுத்து, இஸ்திரி போட்டுக் காகிதத்தில் சுற்றினார். இரண்டையும் எடுத்துக்கொண்டு மனைவியோடு மருந்து ஜன்னலுக்குப் போனார்.

மருந்துக்காரர் அங்கேயே கோட்டை மாட்டிப் பார்த்தார். கைகள் இரண்டும் முன்னால் பார்த்தன. பித்தான் போட்டார். "கொஞ்சம் லூசா இருக்கோ?"

"மூச்சை விடுங்க."

விட்டார். கச்சிதம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் பட்டியலை ஜன்னலுக்குள் நீட்டினார். அந்தப் பக்கம் மருந்துக்காரர் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். இந்தப் பக்கம் இரண்டு விரல் மட்டும் மறுமுனையை விடவில்லை. மருந்துக்காரரும் இழுக்கவில்லை. இறுக்காமலும் நழுவ விடாமலும் பிடித்துக்கொண்டு, சும்மா காத்திருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

மாஸ்டர் தாளைத் திரும்ப வாங்கி, காதிலிருந்த பென்சிலை எடுத்து, அடியில் ஒரு வரி சேர்த்தார். 'மச்சான் ஊரிலிருந்து வரும்போது மட்டும் ஒரு கிளாஸ்.' மனைவி எட்டிப் பார்த்தாள். 'ஒரு'வை அடித்துவிட்டு 'மூன்று' என்று எழுதினார். பிறகு, இருபத்தெட்டு வருஷமாக உள்ளே கட்டி வைத்திருந்த காற்றையெல்லாம் சேர்த்து விட்டதுபோல் ஒரு மூச்சு விட்டார். அவருக்கும் வயிறு உண்டு என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

தாள் ஜன்னலுக்குள் போயிற்று. மருந்துக்காரர் அதை மடிக்காமல் கோப்பின் மேலே வைத்துவிட்டு, புதுக் கோட்டோடு தலையை நீட்டி, வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்து, "வாங்க, வாங்க. முதுகெல்லாம் எப்படி இருக்கு?" என்றார்.

இவ்வளவு நேரமும் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களே, வரிசையில் அடுத்து நிற்பது யார் என்று நினைத்தீர்கள்? மேஜை இழுப்பறையில் பாதி தீர்ந்த அந்த அட்டை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அந்தச் சூரணம், 'அதெல்லாம் மருந்தா' என்று நீங்களே தள்ளுபடி செய்துவிட்ட அந்த ஒன்று... முதலில் அந்த மூச்சை விடுங்கள். விட்டாயிற்றா? நல்லது. இப்போது தாளைக் கொடுங்கள்.